சொந்த விருப்பத்தின் பேரில்

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாட்களில் சரக்கை எப்படி நகர்த்தினோம், வேலைநிறுத்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தோம் என்றுதான் கேட்கிறீர்கள். அந்தக் கதைகளைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அலை ஒரு முழம் உயர்ந்துவிடும். நான் சொல்ல விரும்புவது ஒரு பக்கக் கடிதத்தைப் பற்றி. அதை எழுதியவள் வேறொரு பெண். எழுதச் சொன்னவள் நான்.

அதற்கு முன்னால், உங்களுக்குத் தினசரிப் பழக்கமாகிவிட்ட ஒரு வேலையை நினைவுபடுத்துகிறேன். கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டின் வாசலுக்கு வரும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் பூட்டியிருக்கும் சீலின் எண்ணை ஒருவர் உரக்கப் படிப்பார். பதிவேட்டோடு நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். சொன்ன பிறகே எழுதுவார். இப்போது கேமரா படம் எடுத்துவிடுகிறது. ஆனாலும் நம் யார்டுகளில் இந்தப் பழக்கம் விடவில்லை. லாரி இரைச்சலில் மறுகுரல் வராமல் போனால் படித்தவர் மீண்டும் படிக்க வேண்டும். அதுவரை பேனா தாளைத் தொடக்கூடாது. என் முதல் வருடத்தில், மறுகுரலுக்குக் காத்திராமல் எழுத வைத்த ஓர் எண்ணால் ஒரு பெட்டி கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. அதன்பிறகு சீல் விஷயத்தில் அந்தத் தவற்றை நான் செய்ததே இல்லை.

அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை. ஜெசிந்தா என்று வைத்துக்கொள்வோம். கீழவைப்பார்ப் பக்கத்துப் பிள்ளை. தகப்பனார் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல். அதாவது அந்தத் தோணியை நடத்திச் செல்பவர். மூன்று வருட ஒப்பந்தத்தில் எங்கள் ஆவணப் பிரிவுக்கு வந்தாள். சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும்போது அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். எழுதுவதை எல்லாம் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம். யார்டு வாசலில் பயிற்சி பெற்ற மூன்று மாதத்தில் அது அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரிவுத் தலைவியாக இருந்த எனக்கு, அவள் சரிபார்த்த தாளை மறுபடி பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஒரு மதியம் பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்கு என் பின்னாலேயே வந்தாள்.

“யக்கா, ஒண்ணு சொல்லுதேன். கேட்டுட்டு உடனே யார்ட்டயும் போயிராதீங்க.”

எங்கள் செயல்பாட்டு மேலாளரைப் பற்றிச் சொன்னாள். வரைவைத் திருத்துகிறேன் என்று அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பது. தோளில் வைத்த கை கழுத்துக்கு நகர்வது. விடுதிக்குப் போன பிறகு செல்போனில் வரும் செய்திகள். படம் அனுப்பச் சொல்லி, அனுப்பாததற்குக் கோபித்து. ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நேராகவே சொல்லியிருக்கிறாள். ‘உன் ஒப்பந்தம் முடிய எத்தனை மாதம் இருக்கிறது, தெரியுமா?’ என்பது அவர் பதில். முந்தைய நாள் அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார்.

“கதவச் சாத்திட்டு அதுலயே சாஞ்சு நின்னாவ. அவிய போனு அடிச்சுது. அத எடுக்கத் திரும்புனாவ, நான் வெளிய வந்துட்டேன்.”

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போதும் ‘நின்னாவ’ என்றுதான் சொன்னாள். வீட்டில் கற்ற மரியாதை அவளை விட்டுப் போகவில்லை. எனக்கு அதுதான் முதலில் வலித்தது.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் எனக்காக நினைத்துக்கொள்ளக்கூடாது. அலுவலகத்தில் உள் புகார்க் குழு இருந்தது. அதன் உறுப்பினர் பட்டியல் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. எழுத்தில் புகார் கொடுத்துவிட்டால், விசாரணை முடியும்வரை தன்னை மாற்றவோ அவரை மாற்றவோ கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதும் தெரியும். அதே சமயம், எங்கள் வருமானத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவரும் கப்பல் நிறுவனத்தை அழைத்து வந்தவர் அந்த மேலாளர்தான் என்பதும், நான் ஓய்வு பெறப் பதினெட்டு மாதங்கள்தான் இருந்தன என்பதும் தெரியும்.

“இப்போ எழுதிக் கொடுத்தா அந்த ஆளு உன்னச் சும்மா விடமாட்டான். முதல்ல அவன் கண்ணுல படாத இடத்துக்குப் போயிரு. பைபாஸ் ரோட்டு யார்டுக்கு மாத்தச் சொல்லிக் கேளு. புகார் கொடுக்கிறத நிதானமா யோசிப்போம்” என்றேன்.

“நான் எதுக்குக்கா போவணும்?”

“உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஃபைல் அடுக்கின் மேலேயே ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பழக்கத்தில் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

“தலைமை அலுவலகத்திலிருந்து யார்டுக்கு...”

“யார்டுக்கு...”

“குடும்பச் சூழ்நிலை காரணமாக...”

“குடும்பச் சூழ்நிலை...” குரல் இறங்கியிருந்தது.

“என் சொந்த விருப்பத்தின் பேரில்...”

மறுகுரல் வரவில்லை. பேனா தாளுக்கு மேலே நின்றது. வெளியே யாரோ நகல் எடுக்கும் இயந்திரத்தை இயக்கிவிட்டார்கள்; அது ஒரு சுற்று ஓடி நின்றது. காரணம் இல்லாத விண்ணப்பத்தை நிர்வாகம் கிளறும், அந்த ஒரு வரி இருந்தால் கேள்வி வராது என்பது என் கணக்கு.

“எழுதும்மா” என்றேன்.

எழுதினாள்.

அந்த விண்ணப்பத்தில் மேலாளர் பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டார். அவ்வளவு விரைவாக எந்தத் தாளும் அவர் மேசையைத் தாண்டியதில்லை. நான் நிம்மதிப்பட்டேன். அந்த வேகம் என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

யார்டில் நடந்தவை எனக்கு மெதுவாகத்தான் தெரிய வந்தன. முதல் வாரத்திலேயே கணினியில் அவள் கணக்கை நிறுத்திவிட்டார்கள். ஆவண வேலைக்கு என்று போனவளுக்குத் தகரக் கொட்டகையில் எடைமேடையைப் பார்த்து ஒரு நாற்காலி மட்டும். மாதாந்தரக் கூட்டங்களுக்கு அழைப்பு இல்லை. யார்டில் பெண்களுக்கு இருந்த ஒரே கழிப்பறையின் சாவியை, மேலாளருக்கு வேண்டிய யார்டு பொறுப்பாளர் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் போய்க் கேட்க வேண்டும். கேட்டால், லாரி ஓட்டுநர்கள் நிற்கும் இடம்வரை கேட்கும்படி ஒரு வார்த்தை வரும்.

“ஏளா, மறுபடியுமா? இப்பத்தானே போயிட்டு வந்த!”

அவர்கள் சிரிப்பார்கள். ஒரே நாளில் இரண்டாவது முறை கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். இதை அவள் சொல்லி நான் அறியவில்லை. ஏதோ தாள்களோடு ஒருநாள் யார்டுக்குப் போனபோது, வாசலில் பதிவேடு எழுதும் அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்தார். ஓய்வு வயதைத் தாண்டியும் வேலையை விடாதவர்.

“மேடம், அந்தப் பிள்ள காலைல கொண்டாற தண்ணி பாட்டில சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுபோவுது. இங்கன அடிக்கிற வெயிலுக்கு நான் ஒரு குடம் குடிக்கேன். அவ என்ன ஒட்டகமா? உள்ள போயி ஒரு வார்த்த கேளுங்க.”

எடைமேடை அருகே போனேன். நாற்காலிக்குப் பக்கத்தில் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. அவள் உதடுகள் வெடித்திருந்தன.

“என்ட்ட ஏன் சொல்லல, ஜெசிந்தா?”

“சொன்னா இங்கயிருந்து எங்கன மாத்துவீங்க யக்கா? உப்பளத்துக்கா?”

அந்த வாரமே அவள் புகாரை எழுதிக் கொடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. செய்திகளின் படங்களை இணைத்து, நாள்வாரியாக எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிக்கொண்டாள். பத்து நாளில் அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தன் விருப்பப்படி யார்டுக்குப் போனவள், அங்கே வேலை கடினமாக இருந்ததால் தலைமை அலுவலகத்துக்குத் திரும்பும் நோக்கத்தோடு மேல் அதிகாரிமீது பொய்ப் புகார் சுமத்துகிறாள் என்றது அது. ஒப்பந்தத்தை ஏன் புதுப்பிக்காமல் விடக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆதாரமாக ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. ஃபைல் அடுக்கின் மேல் வைத்து அவள் எழுதிய அதே கடிதம். புகாருக்கு நான்கு மாதம் முந்தைய தேதி. அவள் கையெழுத்து. குடும்பச் சூழ்நிலை. சொந்த விருப்பம். தொந்தரவு என்ற ஒரு சொல்லும் அதில் இல்லை. இருக்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லியவள் நான்.

அவளுடைய வேலையும், அவள் சொன்னது உண்மையென்று உலகம் நம்புவதும், அந்த ஒரு தாளில் வந்து நின்றன.

மனிதவள அதிகாரி என்னை அழைத்தார். என்னைவிட இருபது வயது இளையவர். எப்போதும் மரியாதையாகப் பேசுபவர். டீ வரவழைத்தார்.

“குழு முன்னால உங்களக் கூப்பிடுவாங்க மேடம். நீங்க எதுவும் பொய் சொல்ல வேண்டாம். லெட்டர் அவங்க கையால எழுதினதுதானா, உங்க முன்னாலதான் எழுதினாங்களான்னு கேப்பாங்க. ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அப்புறம், ஓய்வுக்குப் பிறகு ரெண்டு வருஷம் ஆலோசகரா இருக்கணும்னு கேட்டிருந்தீங்கல்ல, அந்த ஃபைலு மேல நகருது. நல்லபடியா வரும்.”

நான் சொல்லப்போகும் இரண்டு ‘ஆமா’வும் உண்மை. உண்மையையே சொல்லி ஒரு பெண்ணை வேலையிலிருந்து அனுப்பிவிட முடியும் என்பதை அந்த டீ ஆறுவதற்குள் புரிந்துகொண்டேன். நமக்கு நெருக்கடி வரும்போது பெரும்பாலும் யாரும் பொய் கேட்பதில்லை. உண்மையில் எந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை மட்டுமே சொல்லித் தருகிறார்கள்.

மறுநாள் யார்டுக்குப் போனேன். அவளை இப்போது வாசலில் சீல் படிக்க விட்டிருந்தார்கள். வெயிலில் நிற்கட்டும் என்று. பெட்டியின் கதவருகே நின்று அவள் எண்ணைச் சொன்னாள். அண்ணாச்சி திருப்பிச் சொல்லி எழுதினார். இரண்டு லாரிகளுக்கு இடையில் என் பக்கம் வந்தாள்.

“குழுவுல என்னக் கூப்பிட்டிருக்காங்க” என்றேன்.

“தெரியும்.”

“கையெழுத்து உன்னோடதான்னு கேப்பாங்க.”

“என்னோடதுதானே? ஆமான்னு சொல்லுங்க.”

அடுத்த லாரி வந்து நின்றது. அவள் நகரவில்லை.

“அந்த வரிய நான் திருப்பிச் சொல்லல யக்கா. நீங்க கவனிக்கலியா, இல்ல கவனிச்சுத்தான் எழுதச் சொன்னீங்களா?”

அண்ணாச்சி தலையைப் பதிவேட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

“ஏலே, பொறு! பிள்ள பேசிட்டு இருக்கால்லா?” என்று அண்ணாச்சி அவரை அதட்டினார்.

“நான்... உனக்கு நல்லது செய்யணும்னுதான்...” என்று தொடங்கினேன். கண் கலங்கிவிட்டது.

“எனக்காவ அழ வேண்டாம்” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. “நடந்தத அங்கன வந்து சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

அன்று வீட்டுக்குப் போய் நடந்ததை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். முப்பது வருடமாகக் கடிதங்கள் எழுதிய கை, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைக்கு ஆள் வைக்கத் தயங்கியது. ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதி அடித்தேன். ‘நான் சொன்னேன்’ என்று எழுதினேன்.

குழுவில் நான்கு பேர். கணக்குப் பிரிவின் மூத்த அம்மாள் தலைமை. வெளி உறுப்பினராக ஒரு தொண்டு அமைப்பிலிருந்து வந்திருந்த பெண்மணி, பேச்சைவிடக் கேட்பதில் தேர்ந்தவர் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கடிதத்தை என் முன் வைத்தார்கள்.

“இது அவர் கையெழுத்துதானா?”

“ஆமாம்.”

“உங்கள் முன்னிலையில் எழுதியதா?”

“ஆமாம்.” அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. “கையெழுத்து அவளுடையது, வாசகம் முழுவதும் என்னுடையது. தொந்தரவு நடப்பதாக அதற்குச் சற்று முன்புதான் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். குடும்பச் சூழ்நிலை என்று எழுதச் சொன்னது நான். சொந்த விருப்பம் என்று எழுதச் சொன்னதும் நான். அவளுக்கு அந்த விருப்பம் இல்லை. நான் எதற்குப் போக வேண்டும் என்று என்னிடமே கேட்டாள்.”

யார்டு வாசலில் எண்ணைத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை விளக்கினேன். எந்த இடத்தில் அவள் குரல் நின்றது என்று கடிதத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

வெளி உறுப்பினர் முதல் முறையாகப் பேசினார். “அவர் நிறுத்தியதை அப்போதே கவனித்தீர்களா?”

“கவனித்தேன்.”

“பிறகு ஏன் எழுதச் சொன்னீர்கள்?”

அவளைக் காப்பாற்றத்தான் என்று பல மாதங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது.

“அவளைக் காப்பாற்ற நினைத்தேன் என்பது பாதி. அந்தப் புகார் என் மேசை வழியாகப் போகக்கூடாது என்று நினைத்தது மீதிப் பாதி.”

நான் கொண்டுபோன இரண்டு பக்கத்தையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். அதை ஜெசிந்தாவிடமிருந்து கற்றிருந்தேன்.

முடிவு நீங்கள் விரும்பும் அளவுக்குச் சுத்தமாக இருக்கவில்லை. புகார் உண்மை என்று குழு எழுதியது. குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, அவள் ஆவணப் பிரிவுக்குத் திரும்பினாள். மேலாளர் தண்டனை நிறைவேறும் முன்பே தாமாக விலகி, இதே கரையில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்துகொண்டார். யார்டின் கழிப்பறைச் சாவி இப்போது சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதற்காக அவள் குடிக்காமல் விட்ட தண்ணீரை யாராலும் திருப்பித் தர முடியாது.

உங்களில் யாரேனும் நாளை ஒரு மேசைக்குப் பொறுப்பாவீர்கள். யாரேனும் ஒரு பிள்ளை உங்கள் பின்னால் ஃபைல் அறைக்கு வருவாள். அப்போது உங்களுக்கு அவள்மேல் வரும் இரக்கத்தை உடனே நம்பிவிடாதீர்கள். அதற்குள் உங்கள் பயமும் உட்கார்ந்திருக்கலாம். அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். யார் நகர வேண்டும் என்பதை அவளிடமே கேளுங்கள். அவள் குரல் நின்றால், நீங்களும் நில்லுங்கள்.

என் மேசையை அதே ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். ஆலோசகர் பதவி பற்றிய பேச்சு நின்றது. காலையில் டீயோடு வந்து நிற்பவர்கள் வேறு பக்கம் போய் நின்றார்கள். ஜெசிந்தா என்னோடு வேலை விஷயம் பேசினாள், அதற்குமேல் பேசவில்லை. எனக்கு அதைக் கேட்கும் தகுதி இல்லை என்பதால் நானும் கேட்கவில்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கையில் மனிதவள அதிகாரி என் கையெழுத்துக்காக ஒரு தாளோடு ஃபைல் அறைக்கு வந்தார். கண்ணாடி இல்லாமல் எனக்குச் சிரமம் என்று அவரே படித்தார்.

“உடல்நிலை காரணமாக...”

“உடல்நிலை காரணமாக” என்றேன், பழக்கத்தில்.

“முன்கூட்டியே ஓய்வு பெற...”

“ஓய்வு பெற...”

“என் சொந்த விருப்பத்தின் பேரில்...”

நான் பேசாமல் இருந்தேன். அவர் காத்திருந்தார்.

“மேடம்?”

பேனாவுக்கு மூடி போட்டு மேசைமேல் வைத்தேன். அவர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஏழு மாதத்தையும் நான் முழுதாக வேலை பார்த்தே முடித்தேன்.

அந்தத் தாள் வந்த அன்று மதியம் ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஃபைல் அறைக்கு வந்தாள். அவள் யார்டுக்குப் போனதற்குப் பிறகு நாங்களிருவரும் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் முறை.

“என்னமோ எழுதிக் கேட்டாவளாமே?”

சொன்னேன்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணுமே சொல்லல.”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பாட்டிலைத் திறந்து, அவசரமில்லாமல், அண்ணாந்து பாதிவரை குடித்தாள். மீதியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.